ஆட்டுக்கென்று வாங்கிய கயிறு

பொம்பருக்குக் காது இருக்கிறது என்று அந்த ஒழுங்கைச் சனம் முழுமனதாக நம்பியது. முகிலுக்கு மேலே இரைந்துகொண்டு போகிற இரும்புக்கு, கீழே மண்ணைத் தோண்டிய பங்கருக்குள் ஒருவன் கத்துவது கேட்குமாம். கேட்ட இடம் பார்த்துக் குண்டைப் போடுமாம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர்கூட இதை மறுக்கவில்லை. படித்த படிப்பெல்லாம் உயிர்ப்பயம் வந்தால் எங்கே போய் ஒளிக்கிறதோ தெரியாது.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆவணி மாதம், பட்டப்பகலில், அரியாலையில் அந்தப் பொதுப் பங்கருக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. லூர்த்தம்மாவின் மகன் அடைக்கலநாதன் கத்தத் தொடங்கினான். அவனுக்குப் பதினெட்டு வயது. வாய் பேசமாட்டான், ஆனால் செவிடு இல்லை. மற்றவர்களைவிட அவனுக்குக் கூடவே கேட்டது, அதுதான் கரைச்சல். சத்தம் கூடினால் கைமுட்டியால் தன் தலையிலேயே இடிப்பான். கையைப் பிடித்தால் பிடித்தவருக்கு விழும். அது கோபமில்லை என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும். அடி வாங்குகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"அவன்ரை வாயைப் பொத்துங்கோ! எங்களையும் சேர்த்துச் சாக்காட்டப் போறானோ?"

ஒருவன் எட்டிப் பொத்தினான். அடைக்கலம் அந்தக் கையைக் கடித்தான். கடிபட்டவன் மண்வெட்டிப் பிடியைத் தூக்கி, இருட்டுக்குள் எங்கே படுகிறது என்று பாராமல் அடித்தான். தோளில் விழுந்தது, முழங்காலில் விழுந்தது, ஒவ்வொரு அடிக்கும் கத்தல் இன்னும் உயர்ந்தது. லூர்த்தம்மா நடுவில் பாய்ந்தாள். மகனின் முழங்கை வந்து அவளுடைய வாயில் இறங்கியது. முன்பற்கள் இரண்டும் போயின. அதற்குப் பிறகு யார் பிடித்துத் தள்ளினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பல கைகள் தள்ளின. தாயும் மகனும் வெயிலில் வந்து விழுந்தார்கள்.

கிணற்றுக்கட்டோடு அவனைச் சரித்து, அவனுக்கு மேலே அவள் படுத்தாள். குண்டு அங்காலே யாருடையவோ பனங்காணிக்குள் விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது, மண்ணும் ஓலையும் முதுகில் கொட்டின. அடைக்கலம் பின்தலையைச் சீமெந்தில் இடித்துக்கொண்டே இருந்தான். அவள் தன் கையை நடுவில் வைத்தாள். அவன் இடிக்க இடிக்க அவளுடைய விரல்கள் நசுங்கின. அவள் கையை எடுக்கவில்லை.

பொம்பர் போனபின் சனம் தலையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தது. "பாத்தியளே, அவனை வெளியிலை விட்டபடியால்தான் நாங்கள் தப்பினது" என்றாள் ஒருத்தி. லூர்த்தம்மா வாய் நிறைந்த இரத்தத்தை அவளுடைய காலடியில் துப்பினாள். அதைவிட நல்ல பதில் அவளிடம் இருக்கவில்லை.

பின்னேரம் களப்பில் வலை வீசிவிட்டு வந்த புருஷன் லியோன் அவளுடைய வாயைப் பார்த்தான். கேட்காமலே விளங்கிவிட்டது.

"எனக்கு ஒரு பங்கர் வேணும்" என்றாள் லூர்த்தம்மா. "எங்கடை பிள்ளையை ஒருத்தரும் வெளியிலை தள்ளேலாத பங்கர். அதைச் சுத்தி ஒரு மதிலும் வேணும்."

"ஆர் தருவினம்?"

"கேட்டால்தானே தெரியும்."

சொந்த ஊரான மயிலிட்டியில் இருந்தபோது அவள் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அங்கே கடற்கரை முழுக்க அடைக்கலத்தின் வீடாக இருந்தது. விடிய எழும்பி நடப்பான். எங்கே போனாலும் யாராவது ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள், அவன் திரும்பி நடப்பான். வலை இழுக்கிற நேரம் கயிற்றில் கையை வைத்துவிட்டால் இரண்டு ஆள் பலத்துக்கு இழுப்பான். போன வருஷம் சண்டை வந்து ஊர் முழுக்க ஓடியபோது மற்றவர்கள் சட்டி பானையைத் தூக்கினார்கள். லியோன் வள்ளத்தின் நங்கூரக் கயிற்றை மட்டும் எடுத்து, ஒரு தலைப்பைத் தன் இடுப்பிலும் மற்றதை மகனின் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நடந்தான்.

அரியாலையில் அவனைத் திருப்பிவிட ஒருவரும் இல்லை. வந்த புதிதில் ஒருநாள் களப்புக்கரைக்கு ஓடினான். அங்கே காவலுக்கு நின்ற இயக்கப் பெடியள் "நில்" என்றார்கள். நில் என்றால் அவனுக்கு என்ன தெரியும்? வெடி அவனுடைய இடது காதின் நுனியைக் கொண்டுபோனது. அன்றையிலிருந்து கொட்டிலுக்குப் பக்கத்துப் பூவரசில் கட்டுத்தான். வெறுங்கயிறு இடுப்பைத் தின்று புண்ணாக்கியது. லியோன் கயிற்றின் புரிகளைப் பிரித்து, லூர்த்தம்மாவின் பழைய பச்சைச் சீலையைக் கிழித்து இடையிடையே விட்டுப் பின்னி, எலும்பில் முடிச்சு அழுத்தாமல் ஒரு வளையம் செய்தான். அந்த வேலை அவனுக்குக் கைவந்தது. ஆனால் கட்டும்போது மகனின் முகத்தை மட்டும் அவன் பார்ப்பதில்லை.

அரியாலைக்கு வந்த அந்த ஒரு வருஷத்துக்குள் லூர்த்தம்மா கேட்காத இடமில்லை. மனநோய் ஆசுபத்திரியில் இவன் விசரன் இல்லை, இங்கே வைத்திருக்கேலாது என்றார்கள். செவிட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இவன் செவிடு இல்லை என்றார்கள். இல்லாதது எல்லாவற்றையும் எல்லாரும் சொன்னார்கள். இருப்பதைச் சொன்னது ஒரு வெள்ளைக்கார டாக்குத்தர்ப் பெண் மட்டும்தான். இதற்குப் பெயர் ஓட்டிசம், இது உன்னுடைய பிழை இல்லை, எல்லாத் தேசத்திலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று வீடும் பழக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று ஆள் வைத்துச் சொல்லிவிட்டு அவளும் கப்பலேறிப் போய்விட்டாள். எல்லாத் தேசத்திலும் என்ற ஒரு சொல்லை லூர்த்தம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பல்லுப் போன கையோடு அவள் பிரிவுக் கந்தோருக்குப் போனாள். அவர்களுடைய ஒழுங்கை முகப்பில் மதில் வைத்த கல்வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் கனடாவில். திறப்பு, பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி ஏ.ஜி.ஏ.யின் மேசை லாச்சிக்குள்.

"அந்த வீட்டைத் தாங்கோ ஐயா. பகலிலை பார்க்க ரெண்டு பலமான ஆக்கள் போடுங்கோ. சொல்லிப் பழக்க ஒரு ஆள். நித்திரைக்கு மருந்து. வளவுக்குள்ளை ஒரு பங்கர்."

ஏ.ஜி.ஏ. சிரித்தார். கெட்ட மனிசன் இல்லை. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் முழுக்கச் சனத்திடம் பேச்சு வாங்கிக் களைத்த மனிசன். ஆனாலும் அந்தச் சிரிப்பை லூர்த்தம்மா மன்னிக்கவில்லை, நானும் மன்னிக்கச் சொல்லமாட்டேன்.

"உம்மடை ஒரு பெடியனுக்காண்டி ஒரு வீடோ? என்ரை பிரிவிலை வேறை ஒருத்தரும் உப்பிடி இல்லை."

"இருக்கினம் ஐயா."

"அப்ப இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும். ஐப்பசியிலை நிவாரணக்காரர் வருவினம். ரெண்டு பிள்ளை எண்டாலும் இருந்தால் நான் அவையோடை கதைக்கிறன். ஒண்டுக்கு ஏலாது."

லூர்த்தம்மா வீடு வீடாகத் தட்டினாள். படலையைத் திறந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தரும் இல்லை என்றார்கள். சிலர் அவள் கேட்டு முடிக்க முன்னமே சொன்னார்கள். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளைகளாகப் பிறந்து, தனக்கு மட்டும்தான் இப்படிப் பிறந்ததோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான், கயிறு பின்னின கதையைக் கேள்விப்பட்டுப் பஞ்சலிங்கம் வந்தார். கோண்டாவிலில் புகையிலைத் தோட்டக்காரர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. சைக்கிளை விட்டு இறங்காமல் வேலிக்கு வெளியே நின்றார். மீன்பிடிகாரரின் கொட்டிலுக்குள் காலெடுத்து வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பூவரசில் கட்டியிருந்த அடைக்கலத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு லியோனைக் கூப்பிட்டார்.

"உந்த மாதிரி ஒரு கயிறு வேணும். சீலை விட்டுப் பின்னினது."

"என்னத்துக்கு ஐயா?"

"ஆட்டுக்கு."

லியோன் தலையாட்டினான். அடுப்படியிலிருந்து லூர்த்தம்மா எழும்பி வந்தாள். "வளையத்தின்ரை அளவு வேணுமெல்லே ஐயா. எவ்வளவு விடுறது?"

பஞ்சலிங்கம் இரண்டு கையையும் வட்டமாக வைத்துக் காட்டினார். ஆட்டின் கழுத்துக்கு அது எந்த ஊர் அளவு? நாலு ஆட்டின் கழுத்து அதற்குள் போகும்.

"இது இடுப்பு ஐயா" என்றாள் லூர்த்தம்மா. "மெல்லிசான இடுப்பு. பெட்டைப் பிள்ளையோ?"

மனிசனுடைய முகம் செத்துப்போயிற்று. சைக்கிளைத் திருப்பினார், கொஞ்சத் தூரம் மிதித்தார், பிறகு நின்று, திரும்பிப் பாராமல் சொன்னார். "கயிறு முடிஞ்சால் நீயே கொண்டு வா. பின்பக்கத்தாலை வா."

பின்பக்கத்தால்தான் போனாள். பஞ்சலிங்கத்தின் பெண்சாதி பத்மாவதி கதவைத் திறந்தாள். அவளுடைய இரண்டு முழங்கையிலும் பல் பதிந்த தழும்புகள். லூர்த்தம்மா உதட்டை விலக்கித் தன் வாயைக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அறிமுகம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

சாமான் அறைக்குள், யன்னலுக்குப் பலகை அடித்த இருட்டில், மீனாம்பிகை குந்தியிருந்து ஆடிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. பிய்த்துக்கொள்கிறாள் என்று தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடுப்பில் மாட்டுக்கயிறு, அதைச் சுற்றிப் புண். லூர்த்தம்மா முழங்காலில் நின்று அந்தக் கயிற்றை அறுத்து, லியோன் பின்னியதை மாட்டினாள். பெட்டை அவளுடைய கன்னத்தை நகத்தால் கிழித்தாள். பரவாயில்லை என்று லூர்த்தம்மா துடைத்துக்கொண்டாள்.

"ஆருக்கும் தெரியாது அக்கா" என்றாள் பத்மாவதி. "பிறந்து கொஞ்சத்திலை செத்துப்போச்சு எண்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறம். மூத்தவள் குணலட்சுமிக்குத் தையிலை கலியாணம். உப்பிடி ஒரு தங்கச்சி இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால் ஆர் கட்டுவினம்?"

"பொம்பர் வந்தால் என்ன செய்யிறனீங்கள்?"

பத்மாவதி அழத் தொடங்கினாள். "நாங்கள் பங்கருக்கை போவம். இவளை இஞ்சை பூட்டிப்போட்டுத்தான் போவம்."

லூர்த்தம்மாவுக்கு இவளைப் பிடித்து அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக் குழறவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டைப் பற்றியும், மதிலைப் பற்றியும், ஒருத்தரும் தள்ளிவிட முடியாத பங்கரைப் பற்றியும் சொன்னாள். பத்மாவதி தன் வீட்டுக் கிளாசிலேயே அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பஞ்சலிங்கம் கடைசியில் வெளியே வந்தார்.

"பெட்டையை வெளியிலை கொண்டரேலாது. நான் தனிய வாறன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கெண்டு ஏ.ஜி.ஏ.யின்ரை காதுக்கை சொல்லுறன். காணுமோ?"

"காணும் ஐயா" என்றாள் லூர்த்தம்மா.

ஐப்பசியில் நிவாரணக்கார வெள்ளையர் வந்த அன்று கந்தோர் விறாந்தை முழுக்கச் சனம். லியோனும் லூர்த்தம்மாவும் அடைக்கலத்தை நடுவில் விட்டு, கயிற்றை லியோனின் இடுப்பில் முடிந்துகொண்டு உள்ளே போனார்கள். வழி முழுக்க அவனுக்கு வெறும் வலைத்துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து வைத்திருந்தாள். அதன் கண்களுக்குள் விரலை விட்டு எடுத்துக்கொண்டு அமைதியாகவே வந்தான். ஏ.ஜி.ஏ. கதிரையில் இருந்தார். பக்கத்தில் வெள்ளையர். வெள்ளையருக்கு மொழிபெயர்க்க, மாவட்டப் பெரிய கந்தோரான கச்சேரியிலிருந்து வந்திருந்தவர் இராசநாயகம்.

பஞ்சலிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், இராசநாயகத்தைக் கண்டார், அப்படியே நின்றுவிட்டார். இராசநாயகம்தான் குணலட்சுமிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"ஓ, எங்கடை சம்பந்தியார்!" என்று இராசநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன இந்தப் பக்கம்?"

ஏ.ஜி.ஏ. தொண்டையைச் செருமினார். "இந்தப் பொம்பிளை, உங்களுக்கும் உப்பிடி ஒரு பிள்ளை இருக்கெண்டு சொல்லுறா. உண்மையோ?"

அறைக்குள் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. எல்லாருக்கும் எல்லாம் கேட்டது. பஞ்சலிங்கம் லூர்த்தம்மாவைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு பிள்ளைதான். குணலட்சுமி."

"பொய்!" என்று லூர்த்தம்மா கத்தினாள். கத்தக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தாய் கத்தினால் மகனுக்கு என்ன நடக்கும் என்று உலகத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் வாய் கேட்கவில்லை. "ஆட்டுக்கெண்டு வாங்கினியளே! அந்த ஆட்டின்ரை பேர் என்ன? சொல்லுங்கோ!"

இராசநாயகமும் கத்தினார். ஏ.ஜி.ஏ. மேசையில் அடித்தார். அது போதும். வலைத்துண்டு கீழே விழுந்தது. அடைக்கலம் தலையில் இடித்தான், ஒருமுறை, இருமுறை, பிறகு முழு உடம்பாலும் மேசையின்மேல் பாய்ந்தான். இடுப்பில் கட்டியிருந்த லியோன் அவனோடு இழுபட்டுச் சுவரில் போய் மோதினான். மேசை கவிழ்ந்தது, லாச்சி உடைந்தது, திறப்புகள் சிதறின. அடைக்கலத்தின் நெற்றி ஏ.ஜி.ஏ.யின் மூக்கில் இறங்கியது. காவல்காரர் இருவர் பொல்லோடு ஓடிவந்தார்கள். முதல் அடி அவனுடைய முதுகில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க லியோன் கையைக் கொடுத்தான். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாவது, நாலாவது, எல்லாம் மகனின் தலையில். அடைக்கலம் நிலத்தில் கிடந்தும் கத்தினான், கத்தினதற்கும் அடித்தார்கள். லூர்த்தம்மா அவனுக்கு மேலே விழுந்தாள். "அவனுக்கு விளங்காதடா! அடியாதேங்கோடா! விளங்காதடா!" அவளுடைய முதுகிலும் விழுந்தது.

பஞ்சலிங்கம் சுவரோடு சுவராக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது விறாந்தைச் சனம் விலகியது. வாசலில் பத்மாவதி நின்றாள். புருஷன் வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்து கோண்டாவிலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், காலெல்லாம் செம்மண் புழுதி. கையில் கயிறு. கயிற்றின் மற்றத் தலைப்பில் மீனாம்பிகை, வெயில் கூசிக் கண்ணை மூடிக்கொண்டு, ஒட்ட வெட்டிய தலையோடு. இரண்டு கயிற்றிலும் ஒரே பச்சைச் சீலை. நிலத்தில் கிடந்தவனின் இடுப்பையும் வாசலில் நின்றவளின் இடுப்பையும் சனம் மாறி மாறிப் பார்த்தது.

"இவள் எங்கடை ரெண்டாவது" என்றாள் பத்மாவதி, இராசநாயகத்தின் முகத்துக்கு நேரே. "சாகேல்லை. நாங்கள்தான் செத்ததெண்டு சொன்னது."

பஞ்சலிங்கம் ஒரு எட்டில் வந்து பெண்சாதியின் கன்னத்தில் அறைந்தார். அவள் நிலைக்கதவில் அடிபட்டு விழுந்தாள். மறுபடி அடிக்க ஓங்கிய கையை மீனாம்பிகை பிடித்துக் கடித்தாள். சும்மா கடி இல்லை. கண் மூடினபடி, தாடை இறுக, விடாத கடி. வேட்டியில் இரத்தம் ஒழுகியது. காவல்காரன் பொல்லைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மொட்டைத் தலையைக் குறிபார்த்து வந்தான்.

பஞ்சலிங்கம் அதைக் கண்டார். மற்றக் கையால் பெட்டையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து மூடினார்.

"அடியாதே! என்ரை பிள்ளை!" என்று குழறினார். "என்ரை பிள்ளையடா! அடியாதே!"

பொல்லு அந்தரத்தில் நின்றது. வெள்ளையர் எழும்பி நின்று இராசநாயகத்திடம் ஏதோ கேட்டார். இராசநாயகம் வாயைத் திறக்கவில்லை. லூர்த்தம்மா மகனின் மேலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது.

"சொல்லுங்கோ ஐயா. அவர் என்ன சொன்னவர் எண்டு துரைக்குச் சொல்லுங்கோ."

இராசநாயகம் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீசில் ஒரு வசனம் சொன்னார். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் படியிறங்கிப் போனார். அவரோடு தைமாதக் கலியாணமும் இறங்கிப் போகிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. பஞ்சலிங்கம் கூப்பிடவில்லை.

ஏ.ஜி.ஏ. மூக்கில் லேஞ்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சிதறிக் கிடந்ததில் ஒரு திறப்பைத் தேடி எடுத்து லூர்த்தம்மாவின் பக்கமாக நிலத்தில் வைத்தார். அவள் அதை எடுத்துச் சட்டைக்குள் செருகினாள். நன்றி சொல்ல அவளுக்கு மனம் இல்லை. அடைக்கலத்தின் தலை அவளுடைய மடியில் கிடந்தது. கத்தி முடித்து முனகிக்கொண்டிருந்தான். அந்த முனகலும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் அவனுடைய மார்பில் கையை வைத்தபடியே இருந்தாள்.

மீனாம்பிகை இன்னும் கடியை விடவில்லை. வலி தாங்காமல் பஞ்சலிங்கம் கையை இழுக்கப் பார்த்தார்.

"இழுக்காதேங்கோ ஐயா" என்றாள் லூர்த்தம்மா. "இழுத்தால் இன்னும் இறுக்குவாள். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருங்கோ. பயம் போக, தானாய் விடுவாள்."

பஞ்சலிங்கம் இரத்தம் சொட்டச் சொட்ட நிலத்தில் இருந்தார். கையை இழுக்கவில்லை.